சுங் அண்ணன் காலியாக விட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் இசைக்குழு எந்த ஊரில் எந்த நாள் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்வது சுங் அண்ணன்தான். பாட்டுக் கட்டுவது நாங்கள், பேர் வாங்குவது நாங்கள். ஆனால் அவர் தேதி குறிக்காவிட்டால் எங்கள் ஊரான தைச்சுங்கில் ஏதாவது ஒரு கிடங்குக்குள் நாங்களே வாசித்து நாங்களே கைதட்டிக்கொண்டிருப்போம்.

பெரிய ஊருக்கு வெள்ளி, சனி. சின்ன ஊருக்கு ஞாயிறு மதியம். மறுநாள் வேலைக்குப் போகிறவன் ராத்திரி நிற்க மாட்டான். அடுத்தடுத்த மாதம் ஒரே ஊருக்குப் போனால் இரண்டு தடவையும் பாதி அரங்கம்தான். தெற்கே கிளம்பிய வேன் பாதியில் வடக்கே திரும்பக் கூடாது. ஒரு கையில் போனும் மறு கையில் தேநீருமாக இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமையே இல்லாத மனுஷனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அப்படிப்பட்டவரும் ஒரு தடவை கோட்டை விட்டார். சாங்ஹுவா பக்கம் ஒரு சின்ன ஊரில் நிகழ்ச்சி வைத்த அன்றைக்கே கடல் தெய்வமான மாட்சு அம்மனின் பல்லக்கு அந்த வழியாக ஊர்வலம் வந்தது. பல்லக்கு தங்களுக்கு மேலாகக் கடந்து போனால் அம்மன் அருள் கிடைக்கும் என்று ஊரே சாலையில் குப்புறப் படுத்துவிட்டது. அரங்கில் ஈ காக்கை இல்லை. வேறு வழியில்லாமல் நாங்களும் போய்ப் படுத்தோம். அதிலிருந்துதான் தூரத்து ஊருக்கு முந்தின நாளைக் காலியாக விட ஆரம்பித்தார். புயல் வந்தாலும் சாமி வந்தாலும் ஒரு நாள் கையில் இருக்க வேண்டுமாம்.

"சும்மா படுத்துக் கிடக்கிற நாளுக்கு எவன்ணே டிக்கெட் வாங்குவான்?" என்று நான் சீண்டுவேன்.

"எவனும் வாங்க மாட்டான். அதனாலதான் அது நல்ல நாளு" என்பார்.

போன வசந்தத்தில் எங்கள் டிரம்ஸ்காரன் போஷுனின் மனைவி ஜிங்யி நிறைமாதமாக இருந்தாள். பிரசவத்துக்கு முன்பே பயணம் முடிகிற மாதிரி சுங் அண்ணன் தேதி வைத்தார். கடைசி ஊர் தைதுங், சனிக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம், எல்லாவற்றிலும் தொலைவு. முதுகில் ஊர்களின் பெயர் போட்ட சட்டைகள்கூட அச்சாகி வந்துவிட்டன.

அப்புறம்தான் மருத்துவர், குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை, அறுவைச் சிகிச்சைதான் என்றார். எப்படியும் அறுவைதான் என்றால் நல்ல நேரம் பார்த்துவிடலாமே என்று போஷுனின் அம்மா ஜோதிடரிடம் ஓடினார். அவர் குறித்துக் கொடுத்தது அதே சனிக்கிழமை காலை.

போஷுன் முகம் செத்துவிட்டது. "அவ தனியா உள்ள போவா. நான் அங்க உக்காந்து டிரம்ஸ் அடிப்பேனா அண்ணே?"

சுங் அண்ணன் ஒரு கூடை ஆப்பிளோடு ஜோதிடர் வீட்டுக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"ஐயா, ஒரே ஒரு நாள் முன்னால தள்ளிக் குடுங்க. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் காலி."

"வெள்ளிக்கிழமை ஆகாது. கிரகம் உன் வேனுக்காகக் காத்திருக்குமா?"

"நானும் தேதி குறிக்கிறவன்தாங்க. கொஞ்சம் விட்டுக் குடுத்தா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

"நீ குறிக்கிறது ஒரு ராத்திரிக் கூத்துக்கு. நான் குறிக்கிறது ஒரு ஆயுசுக்கு!"

ஆப்பிளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார் அந்த மனுஷன்.

வாசலுக்கு வந்த சுங் அண்ணன் தைதுங் அரங்கத்துக்குப் போன் போட்டார். அவர் ஒரு நிகழ்ச்சியை ரத்து செய்தது அதுதான் முதல் தடவை. அந்த முனையில் அரங்கக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. சுங் அண்ணன் கண்ணுக்குத் தெரியாத ஆளைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டே நின்றார். பிறகு என்னிடம், "தைதுங் எங்கயும் ஓடிடாது. குழந்தை ஒரு தடவதான் பொறக்கும்" என்றார். அவரை அதுவரை நான் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து அந்த நிமிஷம் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

வியாழக்கிழமை விடுமுறை என்று ஜியாயியில் வாசித்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை அங்கேயே வான்கோழிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜிங்யிக்கு வலி கண்டுவிட்டதாகப் போன் வந்தது. சோற்றை அப்படியே போட்டுவிட்டு சுங் அண்ணன் தைச்சுங் ஆஸ்பத்திரிக்கு வேனை விரட்டினார். பின்னால் டிரம்ஸ் எல்லாம் தானாக வாசித்துக்கொண்டு வந்தது. போஷுன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனான். மதியம், யாரும் குறிக்காத ஒரு நேரத்தில், பெண் குழந்தை பிறந்தது.

"நாளைக்குத் தைதுங்ல வாசிச்சிருக்கலாமே அண்ணே. அநியாயமா ரத்து பண்ணிட்டீங்க" என்றேன்.

"வாயை மூடு" என்றார். கண் நிறைந்திருந்தது.

போஷுனின் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. குழந்தைக்கு மாதம் நிறைந்த விருந்திலும், எண்ணெய்ச் சோறு பரிமாறிக்கொண்டே, "ஜோசியர் சொன்ன நேரம் போச்சே, இவ எப்படி இருப்பாளோ" என்று புலம்பினார். ஜிங்யி தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சுங் அண்ணன் ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். உள்ளே எங்கள் பயணச் சட்டை, உள்ளங்கை அகலத்தில். முதுகில் ஒரே ஒரு வரி: வெள்ளிக்கிழமை, தைச்சுங். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"மிச்ச ஊரெல்லாம் எங்கப்பா?" என்று போஷுனின் அம்மா கேட்டார்.

"நான் குறிக்க மாட்டேம்மா" என்றார் சுங் அண்ணன். "அதெல்லாம் பாப்பாவே முடிவு பண்ணிக்குவா."