எலுமிச்சைக்குக் கேன் தண்ணீர்

அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் செயலாளர். ஆறே வீடுகள். மற்ற ஐந்து பேரும் மாட்டேன் என்றதால் வந்த பதவி. வந்த வேகத்தில் படிக்கட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: 'ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர். செடிகளுக்கு ஊற்றவும்.' கீழே பச்சை மையில் கையெழுத்து. ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் பச்சை மை வைத்துக்கொள்ளும் பதவி எனக்கு வரவில்லை. அந்தக் குறையைச் சுவரில் தீர்த்துக்கொண்டேன்.

அதை மதித்தது என் மனைவி மட்டும்தான். மொட்டை மாடியில் தொட்டியில் அவளுடைய எலுமிச்சை இருந்தது. மண்ணோடு வீடு, வாசலில் ஓர் எலுமிச்சை என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நான் வாங்கித் தர முடிந்தது இரண்டாவது மாடி. மண்ணை விட்டுக்கொடுத்தாள், எலுமிச்சையை விடவில்லை. முட்டி வலியோடு தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

மூன்றே மாதத்தில் இலை நுனி கருகி, மஞ்சளாகி, கொட்ட ஆரம்பித்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் புளித்த மோர் ஊற்றினேன். முட்டை ஓடு போட்டேன். கடைசியில், எலுமிச்சைக்குத் திருஷ்டி கழிக்கக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து கட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு வானகரத்தில் ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தண்ணி சார் ஊத்திகினு கீறீங்க?"

"ஆர்.ஓ.!" என்றேன் பெருமையாக. "மிஷின் வெளியே தள்ளுமே, அதைக்கூட வீணாக்குறதில்ல."

அவர் தலையில் கை வைத்தார். "தண்ணில கீற உப்ப நீங்க குடிக்கக்கூடாதுன்னுதான் மிஷின் பிரிச்சு வெளிய தள்ளுது. அத்தப் புடிச்சு இதுக்கு ஊத்திகினு கீறீங்க. செடிக்கு வாய் இல்ல சார். இருந்தா இந்நேரம் உங்க ஊட்டாண்ட வந்து கேட்டிருக்கும்."

நல்ல தண்ணீரை அடியில் வழிகிற வரை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். துளிர் வரும்வரை உரம் கூடாது. இதுதான் அவர் சொன்ன வைத்தியம்.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். எனக்குள் இருந்த செயலாளர் விடவில்லை. "உனக்கு முட்டி வலி, இனிமே நானே ஊத்துறேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தரும் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அத்தோடு என் நோட்டீஸை மதிக்க ஆறு வீட்டிலும் ஆளில்லை. அவள் சீரியல் பார்க்கிற நேரமாக, கடையில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாங்கள் குடித்தது மிஷின் தண்ணீர், செடி குடித்தது கேன் தண்ணீர்.

இருந்த இலைகளும் கொட்டிப்போயின. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாளில் துளிர்விட்டது.

அதை அவளே ஒரு காலையில் பார்த்துவிட்டாள். "ஏங்க, உங்க தண்ணிதாங்க காப்பாத்தியிருக்கு!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தவள், அதே வேகத்தில் மிஷின் தள்ளிய தண்ணீரை வாளி நிறைய எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டியில் வாளியைச் சாய்க்கப் போனாள்.

"ஊத்தாதே!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசமா என் கையாலயே உப்ப ஊத்தியிருக்கேன்," என்றாள். "நீங்க எழுதினதாச்சேன்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போய் நோட்டீஸைச் சுரண்டினேன். ஒட்டும்போது பசையைத் தாராளமாகத் தடவியிருந்தேன், வரவில்லை. பின்னாலேயே வந்து நின்றவள், "கிழிக்க வேணாம். செடிங்கிறத அடிச்சுட்டு, தரை கழுவன்னு எழுதுங்க," என்றாள்.

சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தேன்.

"அது வேணாம்," என்றாள். "நீல மை."