அடைப்புக்குறிக்குள் ஒரு செயலாளர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக்கரைக் கலைக்கூடம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் யாருக்கும் தெரியாது. கனகவல்லி அக்கா கொட்டாய் என்று கேட்டுப் பாருங்கள், நேராக வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். தகரக் கூரை போட்ட ஒரு கூடம். சனி, ஞாயிறு வந்தால் பறை, ஓவியம், நாடகம் என்று எண்பது பிள்ளைகள். வாசலில் ஒரு பலகை. வினை முழுவதும் அந்தப் பலகையில்தான் இருந்தது.

கூடத்தை ஆரம்பித்தவர் பென்னி சார். மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் முடியாமல் போய், கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். உடனே கமிட்டி கூடி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது: கனகவல்லி, செயலாளர் (பொறுப்பு). ஓவிய வகுப்பு எடுக்கும் ஹனீஃபாவுக்குத் தொழிலே பெயர்ப்பலகை எழுதுவதுதான். தாளில் இருந்ததை அப்படியே மஞ்சள் பெயிண்டில் அந்த நீலப் பலகையில் ஏற்றினார். அந்த அடைப்புக்குறி இரண்டையும் இளம்பிறை மாதிரி வளைத்துப் போட்டிருந்தார்.

“இன்னா பாய், இந்த ரெண்டு கோடு எதுக்கு?” என்று கனகவல்லி கேட்டாள்.

“பொறுப்புக்கு ரெண்டு பக்கமும் காவல் நிக்குதுக்கா. பாக்க ஷோக்கா கீது, வுடு.”

அவளுக்கும் அழகாகத்தான் தெரிந்தது. பொறுப்பு என்றால் பொறுப்பு, அவ்வளவுதான். அதற்கு வேறொரு அர்த்தம் இருக்கும் என்று எட்டாவதோடு நின்றவளுக்கு யார் சொன்னார்கள்?

கோவளத்துக் குப்பத்தில் மீன்கூடை சுமந்தவளுக்கு மகளாகப் பிறந்து, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மறைமலை நகர் கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டும் வேலை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் மகள் துர்காவை நாடக வகுப்பில் விட வந்தாள். வகுப்பு முடியும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். அன்றைக்கு எடுத்ததுதான். பிறகு சாவி அவள் கைக்கு வந்தது, வருகைப் பதிவு வந்தது, வண்டலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை வேனில் கூட்டி வரும் வேலையும் வந்தது. வெள்ளம் புகுந்த வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பறைகளை ஒவ்வொன்றாகப் பரண்மேல் ஏற்றினாள். அன்றைக்குக் கமிட்டிக்காரர் ஒருவர் தலையாவது அந்தத் தெருவில் தெரிந்ததா? கடைசி மூன்று வருஷமாகக் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டுக் கூடமே கதி என்று கிடந்தாள்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. ‘செயலாளர் பொறுப்பு ஒப்படைப்பு விழா. கனகவல்லி அவர்களைப் போற்றுவோம்.’ கீழே அவள் படம். படித்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷம் வேலை பார்த்துக் காட்டிவிட்டோம், இனி முறைப்படி நம் கையில் ஒப்படைக்கிறார்கள் என்று நினைத்தாள். அம்மாக்கள் எல்லாருக்கும் சொன்னாள். தாம்பரம் சண்முகம் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்றும் எடுத்துவிட்டாள்.

அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் துர்கா சாயங்காலம் வந்து, அழைப்பிதழை இரண்டு தரம் படித்தாள்.

“அம்மா, உன்கிட்ட குடுக்கல. நீ குடுக்கப் போற. கீழ பாரு, ‘புதிய செயலாளர் ஹேமநாத்’னு பொடி எழுத்துல போட்டிருக்கு.”

“இன்னாடி ஒளர்றே? நான்தானே செயலாளர்?”

“நீ செயலாளர், பொறுப்பு. எங்க ஆபீஸ்ல ஆள் வர்ற வரைக்கும் சீட்டுல உக்கார வெக்கிறவங்களுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. அந்த ப்ராக்கெட்டுக்கு அதாம்மா அர்த்தம்.”

மூன்று வருஷம். தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் கமிட்டித் தலைவர் மோகன்ராஜ் வீட்டு வாசலில் போய் நின்றாள். பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரல் எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும்.

“ஹேமநாத்னா யாரு சார்?”

“ஓ, தெரிஞ்சிடுச்சா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நினைச்சோம். நல்ல பையன்மா. அடையாறுல பெரிய ஃபெஸ்டிவல் எல்லாம் நடத்தினவர். நன்கொடைக்குக் கம்பெனிக்காரங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசணும், ப்ரசன்டேஷன் குடுக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

“எனக்குத் தலை வலிக்குதுன்னு நான் சொன்னனா சார்?”

“அந்த போஸ்ட் வேணும்னும் நீங்க கேக்கலையே.”

“உக்காந்துகினு கீற நாற்காலிய எதுக்கு சார் கேக்கணும்?”

மோகன்ராஜ் சிரித்தார். “உங்கள விட்டுடுவோமா? மதிப்புறு ஆலோசகர்னு போடறோம். பொன்னாடை, கேடயம், போட்டோ எல்லாம் இருக்கு.”

படி இறங்கும்போது அவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஆலோசகராம். பறையைப் பரணில் ஏற்றும்போது கேட்காத ஆலோசனையை இனிமேலா வந்து கேட்கப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் கூடம் நிரம்பிவிட்டது. கனகவல்லி விஷயத்தை அம்மாக்களிடம்கூடச் சொல்லாமல், அரக்கு பார்டர் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே பென்னி சார் காலத்திலிருந்து ஒரு வழக்கம். செயலாளர் பெயரைத் தலைவர் படிப்பார், உறுப்பினர்களான பெற்றோரும் வகுப்பு எடுப்பவர்களும் கை தட்டுவார்கள், தட்டினால் ஏற்றுக்கொண்டதாக மினிட்ஸ் நோட்டில் எழுதிவிடுவார். தட்டாமல் இருந்த நாள் என்று ஒன்று கிடையாது.

முதலில் பொன்னாடை. மோகன்ராஜ் விரித்துக்கொண்டு வந்தார். கனகவல்லி தலை குனியாமல், அதன் இன்னொரு முனையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

“போத்தாதீங்க சார். போத்திட்டா கத முடிஞ்சிதுன்னு அர்த்தம்.”

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. அது அடங்குவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

“இன்னிக்கு என்னாண்ட குடுக்கப் போறாங்கன்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சேன். தப்பு. என்னாண்டருந்து வாங்கப் போறாங்க. மூணு வருசமா என்னை அடைப்புக்குறிக்குள்ள உக்கார வெச்சிருந்தாங்க, எனக்கே தெரியாது. பாயி வேற அதுக்குப் பூ வேல செஞ்சிட்டாரு. எனக்கு இந்த வேலை வேணும். யாரும் கேக்கல, அதான் நானே சொல்றேன். தட்டறதும் தட்டாததும் உங்க இஷ்டம்.”

மோகன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹேமநாத் பெயரைப் படித்தார். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் தட்டினார்கள். தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் ஃபேன் சத்தம்தான். ஹனீஃபா இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஜீசா எழுந்தாள்.

“அக்கா பேர படிங்க சார், தட்டறோம்.”

மேடையில் இருந்த ஹேமநாத் மோகன்ராஜ் பக்கம் திரும்பினான். “சார், போஸ்ட் காலியா இருக்குன்னுதானே சொன்னீங்க? இவங்க இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே.”

“இல்லப்பா, அது வெறும் ஆக்டிங்...”

“மூணு வருஷமாவா?” என்று கேட்டுவிட்டு, அவன் இறங்கிப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

வேறு வழியில்லாமல் கனகவல்லி பெயரைப் படித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. பறை வகுப்புப் பிள்ளைகள் கைக்குப் பதிலாகப் பறையையே அடித்தது கணக்கில் சேராது.

அதோடு அவள் விட்டாளா? மோகன்ராஜ் நோட்டில் எழுதுகிறவரை பக்கத்திலேயே நின்றாள். ‘செயலாளர்’ என்று எழுதி, பழக்கதோஷத்தில் ஒரு வளைவு போட்டார். “அத அடிங்க சார்,” என்றாள். அடித்தார். பிறகு பொன்னாடையை மடித்து அவர் மடியில் வைத்தாள். “பத்திரமா வெச்சிக்கங்க. உங்களுக்கு ஒரு நாள் வேண்டியிருக்கும்.”

வெளியே வந்தபோது ஹனீஃபா ஏற்கெனவே ஸ்டூல்மேல் ஏறிவிட்டிருந்தார். பலகையின் நிறத்திலேயே இருந்த நீலப் பெயிண்டில் பிரஷை முக்கி, இளம்பிறை இரண்டையும் மூடிவிட்டு இறங்கினார்.

“பாய், அந்தப் பொறுப்பையும் அழிக்கணும்.”

“அது உன்னுதுதானேக்கா? அத எதுக்கு அழிக்கணும்?”

கனகவல்லி அண்ணாந்து பார்த்தாள். கனகவல்லி, செயலாளர். கொஞ்சம் இடம் விட்டு, காவல் இல்லாமல், பொறுப்பு.

“சரி, கெடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, பறை வகுப்புக்கு நேரமாகிறது என்று உள்ளே போனாள்.