ஏழாவது ஊசிக்கு மறுநாள்

கப்பல்கள் வந்து போகும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவதுதான் துறைமுகத்தில் என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. இப்போது வீட்டு நாட்குறிப்பில் எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு, மேற்கே இருக்கும் ஆலையின் காலைச் சங்கு ஊதியதா என்பதெல்லாம் நீல மையில். வீட்டு விஷயம் அதே பக்கத்தின் அடியில், சிவப்பு மையில். பிறர் செய்யும் தேதிப் பிழைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்த அக்குபஞ்சர் வைத்தியனை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். வாசல் பலகையில் சீன மருத்துவத்துக்கு மூவாயிரம் வயது. அவன் நீட்டிய அட்டையில் ஐயாயிரம். வாசலிலிருந்து மேசைக்கு நடப்பதற்குள் இரண்டாயிரம் ஆண்டு கழிந்திருந்தது.

இருந்தும் போனது என் மனைவியின் மூக்குக்காக. அவள் கருவாடு விற்பவள். காசிமேட்டில் மீன் எடுத்து, விம்கோ நகரில் எங்கள் மொட்டை மாடியில் காயவைத்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறாள். உப்பு பிடித்ததா, உள்ளே கெட்டதா என்பதைக் கண் சொல்லாது, மூக்குதான் சொல்லும். சைனஸ் வந்து அந்த மூக்கு அடைத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கெட்டுப்போன வாளைக் கருவாட்டை அவள் கைப்படக் கட்டிக்கொடுக்க, பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கொட்டிவிட்டுப் போனாள். அரசு ஆஸ்பத்திரியில் உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். பல மாதம் காத்திருந்து ஒரு நாள் கிடைத்தது: ஆவணி முதல் புதன்.

அதற்குள் சும்மா இருப்பானேன் என்று பக்கத்து வீட்டார் அழைத்துப்போன இடம்தான் அது. ஆனி மாதக் கடைசி வெள்ளியில் முதல் ஊசி. செவ்வாயும் வெள்ளியும், மொத்தம் பன்னிரண்டு. வைத்தியன் சீனன் அல்ல, திருநெல்வேலிக்காரன். வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு டிராகன் தைத்திருந்தான். “கால் மொளச்ச பாம்பு” என்றாள் என் மனைவி, அவன் காதில் விழும்படியே. நாசியின் இரு பக்கமும் ஒவ்வொன்று, புருவ நடுவில் ஒன்று, கட்டைவிரல் இடுக்கில் ஒன்று என்று ஊசி குத்துவான். பிறகு அரை மணி நேரம் சீனப் புல்லாங்குழல் இசை ஓடும். கஷாயத்துக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால், ரயில் பாதை ஓரம் நடந்தால் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அதே முள்காய். சீனாவிலிருந்து வந்தது என்றான். நூலகத்தில் எடுத்துப் பார்த்தபோது சீனர்கள் மூக்கு நோய்க்கு அதைத்தான் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. மருந்து பொய்யில்லை. கப்பலில் வந்ததுதான் பொய்.

அந்த நூலகப் புத்தகத்தை நான் சும்மா படிக்கவில்லை, குறிப்பு எடுத்துப் படித்தேன். பழைய சீன மருத்துவர்கள் ஊசியைத் தொடுமுன் என்ன பருவம், எந்தத் திசைக் காற்று, நோயாளி எங்கே குடியிருக்கிறாள் என்று விசாரிப்பார்களாம். இவன் எங்கள் தெருவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. “உடம்புல ஈரம் தங்கிடுச்சு” என்று எல்லோருக்கும் ஒரே வரி. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து மூக்கடைப்புக்காரர்கள்தான். அத்தனை பேருக்கும் ஈரம்.

ஆறு ஊசி வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆடி மூன்றாம் வெள்ளி ஏழாவது ஊசி. மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கி வந்தவள் சமையலறை வாசலில் நின்று, “ரசத்துல பூண்டு ஜாஸ்தி” என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த வாரத்தில் வாளைக்கும் சுறாவுக்கும் கண்ணை மூடிக்கொண்டே பேர் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அதே வாரத்தில் மூக்கு திறந்திருந்தது. ஒரு பெஞ்சு முழுக்க ஒரே வாரத்தில் குணமாகிறதே, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். நான் வைத்தியனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது ஊசி செவ்வாய்க்கிழமை, அறுவைக்கு முந்தின நாள். அன்று அவன் லட்டு கொடுத்து, குணமானவர்களைத் தன்னோடு நிறுத்திப் படம் எடுத்தான். கத்தி வைக்கிறவன் சதையை எடுப்பான், ஈரத்தை எடுப்பானா என்று என்னிடம் கேட்டான். வீடு திரும்பும் வழியில் என் மனைவி நின்றாள்.

“நாளைக்குப் போலாமா வேணாமா? நீதான படிச்சவன், சொல்லு.”

வாசனைதான் வந்துவிட்டதே, எதற்குக் கத்தி என்றேன். இத்தனை வருடம் நான் அவளிடம் சொன்னவற்றில் இவ்வளவு முட்டாள்தனமானது வேறில்லை. புதன் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலையின் சங்கு ஊதியது. அதை நீல மையில் எழுதினேன். வியாழனுக்குள் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. வெள்ளி காலை, ரசம் ஊசிப்போயிருந்ததை அறியாமல் எனக்கு ஊற்றினாள். அதைக் குறிக்கச் சிவப்புப் பேனாவை எடுத்தவன், என்னமோ தோன்றிப் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். ஆடி மூன்றாம் வாரப் புதன்: “சங்கு இல்லை. பராமரிப்புக்காக ஆலை மூடல்.” மூன்று நாள் தள்ளி, சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில்: “ஏழாவது ஊசிக்கு மறுநாள். பூண்டு வாசனை.” இரண்டும் என் கையெழுத்து. நடுவில் இரண்டே பக்கம்.

எங்கள் பக்கத்தில் நாற்றத்தை யாரும் நாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்தும்போதுதான் ஞாபகம் வரும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆலைப் புகையை நேராக எங்கள் மாடிக்குத்தான் தள்ளுகிறது. அந்தப் புகை மூன்று வாரத்துக்கு மேல் நின்றிருந்தது, நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூக்கு திறந்ததும் ஊசியைக் கும்பிட்டோம்.

நாட்குறிப்பைத் தூக்கிக்கொண்டு வைத்தியனிடம் போனேன். அவளும் வந்தாள். வாசலில் புதிய ஃபிளக்ஸ். அதில் பெஞ்சுக்காரர்கள் நடுவே என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கங்களையும் அவன் முன் விரித்து, சங்கையும் காற்றையும் விளக்கினேன். அவன் நீல மையைத் தாண்டிப் போய்ச் சிவப்பு வரியில் விரலை வைத்தான்.

“பாருங்க சார், ஏழாவது ஊசிக்கு மறுநாள்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? ஈரம் திரும்பிடுச்சு, அவ்ளோதான். இன்னும் பன்னண்டு போட்டா போயிடும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி நாட்குறிப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“யோவ், இவனாண்ட இன்னா பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் வேற நாளு கேப்பம் வா.”

வெளியே வந்தவள் ஃபிளக்ஸின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டாள். வைத்தியன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான், வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தவறவிட்ட நாளுக்கு நாங்கள் சொன்ன காரணத்தை எழுதிக்கொண்டு, தை மாதத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள். அதை என் நாட்குறிப்பில் அவளே எழுதினாள், நீலமும் சிவப்பும் வேண்டாம் என்று கரிப் பென்சிலில். ஐப்பசித் தூறலுக்கு மாடியில் கருவாட்டை மூட அந்த ஃபிளக்ஸ் நன்றாகவே உதவுகிறது. டிராகன்காரன் முகம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி போடுவாள். தினமும் காலையில் ஒவ்வொரு துண்டாக என் மூக்கருகே நீட்டுகிறாள். நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வேண்டும். முதல் நாள் சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினேன்.

“எழுதாத,” என்றாள். “மோந்து சொல்லு, போதும்.”