கோயில் அறையில் அணைக்காத பெட்டி

போர் முடிந்து ஊருக்குத் திரும்பி, எங்கள் மாதா கோயிலுக்குத் தகரக் கூரை போட்ட பிறகு வந்த திருநாள் அது. எங்கள் கடற்கரையில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நவநாள்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். அன்றைய பூவும் மாலைக் கஞ்சியும் அந்தக் குடும்பத்தின் கையால்தான். முன்பெல்லாம் எங்கள் நாளை நானும் தங்கச்சியும் சேர்ந்தே செய்வோம். இடம்பெயர்ந்தபோது அவள் படகேறி இந்தியாவுக்குப் போனாள். நான் வன்னிக்குள் போனேன். அதற்குப் பிறகு அவள் முகத்தை நான் காணவில்லை.

வெளியில் இருக்கிறவர்களில் யார் எந்த நாளுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் பாயும் சோறும் ஒழுங்கு பண்ணலாம். அதற்காக என் மருமகள் கோயில் அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டாள். அதை வேறு ஒரு கொம்பனியின் கம்ப்யூட்டரில் வைத்தால் வேலை சுகம் என்று சொல்லிப் பார்த்தாள். எங்கள் பங்குச் சுவாமி விடவில்லை.

"முகாமிலயும் சோதனைச் சாவடியிலயும் பதிஞ்சு பதிஞ்சு களைச்ச சனம் பிள்ளை. அவையின்ர பேர் எங்கட பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும்."

அவள் தட்டுவதும் காத்திருப்பதுமாக இருந்தாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். நான் கைநாட்டு இல்லை, எழுத்துக்கூட்டி வாசிப்பேன். திரையில் கோயிலின் பெயர் வந்தபோது நானே வாசித்தேன். கீழே நவநாள்கள். எங்கள் நாளுக்கு நேரே ஒன்றும் இல்லை.

"தங்கச்சிக்கு அனுப்பிட்டியோ?"

"ஓம் மாமி. நான் அனுப்பின லிங்கை அவ போனில அமத்தினா இந்தப் பெட்டிக்குள்ள வந்து எழுதலாம்."

நாள்கள் போயின. பிறகு தங்கச்சியே போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ராவில வேலை முடிஞ்சு வந்து அமத்தினா ஒண்டும் திறக்குதில்லை. எங்களை வேண்டாமெண்டுட்டியளோ?"

வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அறைக்கு ஓடினேன். மருமகள், கோயிலைத் திறந்து பூட்டும் மூப்பரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மாலைச் செபம் முடிஞ்சா விளக்கை நூத்து, சுவிச்செல்லாம் நிப்பாட்டிப் பூட்டுறதுதானே முறை," என்றார் மூப்பர்.

"இது விளக்கில்லை ஐயா! இதை நிப்பாட்டினா வெளியில இருக்கிற சனம் ஒண்டும் உள்ளுக்கு வரேலாது."

"அப்ப இதுக்கு நித்திரையே இல்லையோ? பாவம்."

"பூசையில நீங்கள் கொள்ளுற நித்திரை ரெண்டு பேருக்கும் போதும்," என்றேன்.

அன்றிரவு பெட்டியை அணைக்கவில்லை. அடுத்த நாள் தங்கச்சியின் பெயர் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன். வருகிறீர்களா என்பதற்கு மருமகள் மூன்று பதில் வைத்திருந்தாள்: ஓம், இல்லை, பிறகு சொல்கிறேன். தங்கச்சி கடைசியை அமத்தியிருந்தாள்.

எங்கள் நாளில் அவள் வீட்டுக்கும் சேர்த்துக் கஞ்சிக்கு அரிசி போட்டேன். மிஞ்சிவிட்டது.

கொடி இறக்கிய மாலை மூப்பர் விளக்குகளை நூர்த்துவிட்டு அறை வாசலில் நின்றார்.

"திருநாள் முடிஞ்சுதக்கா. இனியெண்டாலும் இதை நிப்பாட்டட்டோ?"

"பிறகு சொல்லுறன் எண்டவள் இன்னும் சொல்லேல்லை," என்றேன். "கதவை மட்டும் பூட்டுங்கோ."