கார்பரேட்டர் வாயில் நெருப்பு

ஆரணியில் எங்கள் தெரு முனையில் ஷெட் போட்டு வண்டிகளின் கார்பரேட்டரைப் பழுதுபார்த்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம். ஒல்லியான ஆள். ஒரு புருவம் கருகிப் பாதிதான் இருக்கும். பேசுவதற்கு முன் விரல் நுனியை முகர்ந்து பார்ப்பார்.

ஒரு காலை, தறிக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு நூலான பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தோம். நாலு வீட்டுத் தறிக்கான பாவு. அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வெளியே தள்ளி வந்தார். பிஸ்டனுக்குப் பதில் முக்கோணம் சுற்றும் ரோட்டரி எஞ்சினாம். அதற்குப் பெட்ரோலோடு காற்றைக் கலந்து தர, தானே வாயை அகலப்படுத்திய கார்பரேட்டரை மாட்டி, உள்ளே உட்கார்ந்திருந்த கார்காரரைச் சாவி திருப்பச் சொன்னார்.

டப்பென்று வெடித்தது. கார்பரேட்டர் வாயில் நெருப்பு எழுந்தது. பாவு பக்கத்திலேயே இருந்தது. நான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஊத்தாதீங்கண்ணா! பெட்ரோல் அதும்மேல மிதந்துகினு உங்க பாவுக்கே வந்துடும்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்காரரிடம், "சாவிய விடாதீங்க சார்! சுத்திகினே இருங்க!" என்று கத்தினார்.

எரிகிற எஞ்சினை ஓட்டச் சொல்கிறாரே என்று பானையைக் கீழே வைக்காமலே நின்றேன். எஞ்சின் உறுமி, நெருப்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பயந்துட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆமென்று தலையாட்டினேன்.

"ஜல்தியா பாவ சுருட்டிகினு போங்க. இன்னொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணணும்."

அப்போதும் அவர் என் கையை விடவில்லை. நடுங்கியது அவர் கைதான். அவ்வளவு பயத்தோடு மறுபடி எப்படிச் சாவி திருப்பச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.