நான் இல்லாத வசனங்கள்

என் மனைவி ஆங்கிலச் சொற்களைப் படித்தது பெரும்பாலும் தண்ணீரின் மேல்தான். அவள் தாதி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலை. நான் அதே கரையில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். வீடு கிழக்கே, குருக்கள்மடத்துக்குப் பக்கத்தில், கல்முனை வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் துறைக்குப் போய், சைக்கிளோடு பாதையில் ஏறுவோம். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் வாகனங்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. அது யாருக்காகவும் அவசரப்படாது. அக்கரை சேர்வதற்குள் நாலைந்து சொற்களைப் பார்த்துவிடலாம்.

பின்னேரம் எனக்குப் பாடசாலை முதலில் விடும். அவளுக்குப் பணி முடியும்வரை அக்கரைத் துறையடியில் மரத்தின் கீழ் சைக்கிளை நிறுத்தி, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். இதில் பெரிய அன்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் பெற்றோல் வீண்.

அவள் இங்கிலாந்தில் தாதியாகப் போக முடிவெடுத்திருந்தாள். அதற்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. நான்கிலும் அவர்கள் போட்ட கோட்டைத் தொட வேண்டும், ஒன்றில் தவறினாலும் பயணம் இல்லை. சாதாரண ஆங்கிலம் போதாது, கனமான சொற்கள் வேண்டும் என்று அவள் போய்வந்த ஆங்கில வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அவளுடைய தொலைபேசியைப் பார்த்து நான் பொருளை வாசிப்பேன், அவள் சொல்லைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை.

முதல் கிழமை அது சரிவரவில்லை. 'மிகச் சிறிய விடயத்திலும் கவனமாக இருப்பவர்' என்று காலையில் வாசித்தால் மெட்டிகியுலஸ் என்று பட்டென்று சொல்வாள். பின்னேரம் கேட்டால் முழிப்பாள். பொருள் அப்படியே மனப்பாடமாக இருக்கும், சொல் மட்டும் கழன்று போயிருக்கும்.

"ஆளில்லாமச் சொல் நிக்குதில்ல" என்றாள் ஒருநாள். "இனி ஒவ்வொரு சொல்லுக்கும் நமக்குத் தெரிஞ்ச ஒராள வச்சி ஒரு வசனம் சொல்லுவன். நீங்க பிழை இரிந்தாச் சொல்லுங்க."

அன்றிலிருந்து சொற்களுக்கு ஆள் கிடைக்கத் தொடங்கியது. மெட்டிகியுலஸ் அவளுடைய மேற்பார்வைத் தாதிக்குப் போனது. அந்த அம்மா கட்டில் விரிப்பின் நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பார்ப்பவர். நாளை நாளை என்று கடத்துவதைக் குறிக்கும் ப்ரோக்ராஸ்டினேட் எங்கள் தச்சருக்கு. குளியலறைக் கதவு செய்து தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கியவர், கோயில் திருவிழாவில் எங்களைக் கண்டால் அடுத்த வீதியால் போய்விடுவார். ஓயாமல் பேசுவதைச் சொல்லும் கருலஸ், பாதையில் தினமும் எங்களோடு கடக்கும் மீன்காரருக்கு. அவர் எதிரிலேயே அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் பேச்சை நிறுத்தாமல் தலையாட்டினார்.

ஒப்ஸ்டினேட் என்ற சொல் மாமிக்கு. பிடிவாதக்காரர் என்று பொருள். மாமி என்பது என் மனைவியின் தாய். பிரஷர் குளிசையை நாக்குக்கடியில் வைத்திருந்து, நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் முற்றத்தில் துப்பிவிடுவார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது தன் பெயர் அடிபடுவதை உணர்ந்து கேட்டார்.

"என்னையா சொல்லுறாள், மனே? நல்ல சொல்லா அது?"

"ஓம் மாமி, பெரிய ஆக்களுக்குத்தான் சொல்லுற" என்றேன்.

அடுத்த நாள் அயல் வீட்டுக்காரிக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.

இனி என் நிலையைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு தாய் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் அடுப்படிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள், மாப்பிள்ளை வந்து குடியேறுவான். நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசோடு வந்தேன். கிரானில் நான் பிறந்த வீடு இப்போது என் தங்கையுடையது, அதில் அவள் புருசன் இருக்கிறார். அதுவும் முறைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெண் வெளிநாட்டுக்கு உழைக்கப் போய், ஆண் மாமியோடு வீட்டில் இருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகளுக்காக இருக்கிறான் என்று ஊர் சொல்லும், அவனும் சொல்லிக்கொள்வான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு, அவளுடைய வீட்டில், அவளுடைய தாயோடு, நான் என்ன உறவில் இருப்பது? ஒரு வருடம் கழிந்தால் என்னையும் அங்கே எடுக்கலாம் என்று அவளை அனுப்பும் முகவர் சொன்னார். எடுக்கலாம் என்பது வேறு, எடுப்பாள் என்பது வேறு. அவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த யோசனை மண்டைக்குள் இருந்ததால்தான் மற்றதையும் கவனித்தேன். அவளுடைய வசனங்களில் எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை.

முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு சோதித்துப் பார்த்தேன். எனக்குப் பொருந்தும் சொல்லாகத் தேடி எடுத்தேன். 'நம்பி இருக்கக்கூடியது' என்று வாசித்தேன். டிபென்டபிள் என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதை வைத்தியசாலை ஜெனரேட்டருக்குக் கொடுத்தாள். 'என்ன வந்தாலும் விலகாதவர்' என்று வாசித்தேன். ஸ்டெட்ஃபாஸ்ட். அது நோயாளர் விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போனது. அதன் சொந்தக்காரர் சுகமாகி வேறு வாசலால் வீட்டுக்குப் போய்விட்டார், நாய் இன்னும் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது என்று விளக்கமும் தந்தாள்.

நல்ல சொல்லில் இடமில்லாவிட்டால் கெட்ட சொல்லிலாவது இருக்கட்டும் என்று இறங்கி வந்தேன். 'அற்ப விடயத்துக்கெல்லாம் சட்டம் பேசுபவர்' என்று வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சோற்றுக் கோப்பை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சட்டம் பேசும் ஆள் வீட்டில் நான் ஒருவன்தான். பெடான்டிக் என்றாள். கல்விக் கந்தோரில் என் இடமாற்றக் கடிதத்தை முத்திரை சரிந்திருக்கிறதென்று திருப்பி அனுப்பிய எழுதுவினைஞரை வைத்து வசனம் சொன்னாள். வசனம் பிழையில்லை. எனக்கு அன்று முழுக்க மனம் கடுத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் பின்னம் தெரியாத ஒருவனை அளவுக்கு மிஞ்சி ஏசினேன்.

மாமியின் அடைகாக்கும் கோழிக்குக்கூட ஒரு சொல் கிடைத்தது. அதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போய் வந்தாள். எப்படி என்று கேட்டதற்கு, "எழுத்தெல்லாம் பரவாயில்ல. பேச்சுத்தான் தெரியா" என்றாள். முடிவு ஒரு காலையில், பாதை நடு வாவியில் இருக்கும்போது தொலைபேசிக்கு வந்தது. அவள் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மூன்று பகுதியில் நன்றாகத் தாண்டியிருந்தாள். பேச்சில் மட்டும் கோட்டைத் தொட்டபடி நின்றது. கொஞ்சம் குறைந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். நாளெல்லாம் நோயாளிகளோடு பேசுபவள் பேச்சில் எப்படிக் குறைந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. மீன்காரர் என்னவென்று கேட்டார். பாஸ் என்றேன். அவர் அக்கரை வரைக்கும் தன் மருமகள் கனடா போன கதையைச் சொன்னார்.

பிறகு கடதாசி வேலைகள் நடந்தன, விமான நிலையத்துக்குப் போக வான் வந்தது, அவள் போனாள். அழுகை மாமியுடையது. நான் சூட்கேஸ் பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அது நான் கொண்டு வந்த சூட்கேஸ்தான்.

அவள் போய்க் கொஞ்ச நாளில் பாடசாலைக்கு விடுமுறை விட்டது. நான் ஒரு பையில் உடுப்புகளை எடுத்துக்கொண்டு, கிரானுக்குப் போய்வருகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாரும் சொல்லிப் போவதை விடத் தானாகப் போவது மரியாதை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளின் புத்தி அப்படித்தான் ஓடும். வீடு தன்னுடையதில்லை என்பது ஒரு நாளும் மறக்காது.

கிரானில் என்னைக் கண்டதும் மச்சான் எழும்பித் தன் கதிரையைத் தந்தார். தங்கை அலுமாரியைத் திறந்து, வந்தாக்களுக்கென்று வைத்திருக்கும் கிளாசைக் கழுவித் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்த வீட்டில்தான் நான் தவழ்ந்தேன். அந்தக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கென்று ஒரு வீடும் இல்லை என்று முதல் தடவையாகத் தெளிவாக நினைத்தேன். கவலையாக இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மனைவி வீடியோவில் கோல் எடுத்தாள். அங்கே ஏதோ ஒரு ஓய்வறையில் சீருடையோடு இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அது தங்கச்சியாக்கள்ற சுவர்தானே. அங்க என்ன செய்யிறீங்க?"

"சும்மாதான். லீவு."

"அம்மா சொன்னா, பேக்கோட போன எண்டு."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பல மாதக் கோபம். "அந்த வீட்டில நான் ஆரெண்டு இரிக்கிற? அவ்வளவு சொல் படிச்சாய், ஒரு வசனத்தில நான் இல்ல. நாய் இரிந்திச்சி, கோழி இரிந்திச்சி, ஜெனரேட்டர் இரிந்திச்சி."

சொல்லி முடித்த பிறகு அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று என் காதுக்கே கேட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பேச்சில எனக்கு ஏன் புள்ளி குறைஞ்ச தெரியுமா?" என்றாள். "உன்னோட ஒரு வீட்டில இரிக்கிற ஒராளப் பத்திச் சொல்லு எண்டு கேட்டாங்க. அம்மாவச் சொல்லியிரிக்கலாம். அம்மாக்குச் சொல்லெல்லாம் ஆயத்தமாக் கிடந்த. நான் உங்களச் சொல்லத் தொடங்கிட்டன்."

"ம்."

"தொடங்கின பிறகு படிச்ச ஒரு சொல்லும் வரல்ல. உங்களுக்கு எதப் போட்டாலும் சரியாப் படல்ல. பாதையிலயும் அப்பிடித்தான், முதல் உங்களத்தான் வச்சிப் பாப்பன், அது பொருந்தாம வேற ஆளுக்குப் போயிரும்."

"அப்ப என்னதான் சொன்ன?"

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். ஹீ வெயிட்ஸ் அட் த லேண்டிங். ஐ கம். ஹீ இஸ் தெயர். துறையடியில் காத்திருப்பார், நான் வருவேன், அவர் அங்கே இருப்பார்.

"அதையேதான் சுத்திச் சுத்திச் சொன்னன். பரீட்சை எடுத்த அம்மா வேற ஏதும் சொல்லு சொல்லு எண்டு தலையாட்டிட்டே இரிந்தா. எனக்கு வேற ஒண்டும் வரல்ல. சரி, இந்தப் பயணம் இதோட போச்செண்டுதான் எழும்பி வந்தன்."

நான் கணிதம் படிப்பிப்பவன். கோட்டைத் தொட்டபடி நின்ற அந்தப் புள்ளியை நான் என் கையில் வைத்துப் பார்த்தவன். அவளுடைய பல வருட ஆசை, வகுப்புக்கு அடகு போன நகை, மாமியின் கோயில் நேர்த்திக்கடன், எல்லாம் அந்தச் சில நிமிடத்தில் என்னைப் பற்றிய பேச்சில் மாட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றிருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டும் அவள் ஆளை மாற்றவில்லை. இணைப்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமி கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்திட்டியா மனே" என்றார். "இண்டைக்கும் ரெண்டு பேருக்குத்தான் எடுத்தன். போன நாளெல்லாம் மிச்சத்தப் பூனைதான் திண்ட."

பையை எங்கள் அறையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, தேங்காய் திருவ உட்கார்ந்தேன்.