கேட்டு போட்டிருந்தா?

திருமுல்கேரியில் எந்த ஆட்டோக்காரரிடம் "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாஞ்ச் மினிட், மேடம்." வெயிலோ வெள்ளமோ, அதே ஐந்து நிமிடம். ஹைதராபாத் வந்த புதிதில் நம்பினேன். இப்போது நம்புவதில்லை, ஏறி மட்டும் உட்கார்ந்துகொள்கிறேன்.

தூத்துக்குடியில் நாங்கள் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ரயில்வே கேட். பெரும்பாலும் திறந்தே கிடக்கும். சரக்கு ரயில் வந்து நின்று கேட் மூடிக்கிடந்தால் போச்சு, பரீட்சையாவது முகூர்த்தமாவது! அதனால் யார் எங்கே கிளம்பினாலும் வீட்டில் ஒருவர் கேட்டுவிடுவார்: "கேட்டு போட்டிருந்தா?" அந்தக் கேள்விக்காகவே அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுவோம்.

இங்கே மாதாப்பூர் ஆபீஸில் என் வேலையும் கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான். ஆம்புலன்ஸ் எந்தச் சாலையில் எவ்வளவு தாமதமாகும் என்று கணிக்கிறோம். அதிலுள்ள நிச்சயமின்மையை அளக்கும் எண்ணுக்கு என்ட்ரோபி என்று பெயர். வழக்கமான அளவு, ஒரு தாமதம் எத்தனை தடவை வருகிறதோ அதற்கேற்ற இடத்தைத்தான் தரும். பொதுமைப்படுத்திய அளவில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருகினால் அடிக்கடி வருவது ஓங்கும். மறுபக்கம் திருகினால் எப்போதோ வருவதும் கண்ணில் படும். ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், கேட் போட்ட நாளையும் மறக்காத கணக்கு.

எங்கள் டீம் லீட் ஸ்ரீனிவாஸ், பெருமழை நாட்களைத் தரவிலிருந்தே நீக்கச் சொன்னார். அறிக்கையில் வரைபடம் அழகாக வருமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி மழை பார்த்தா விழுகிறார்? வாதாடினேன். "ஒக்க வான கோசம் இந்த்த கொடவ எந்துக்கண்டி? மீ ஊள்ளோ வானலு ராவா?" என்றார். ஒரு மழைக்கு இவ்வளவு ரகளையா, உங்கள் ஊரில் மழையே வராதா என்று கேட்கிறார். அவர் ஊரைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ரயில்வே கேட் கதையைச் சொல்லிப் பார்த்தேன். "இக்கட ஃப்ளைஓவர் உந்தி கதண்டி" என்றார், இங்கேதான் ஃப்ளைஓவர் இருக்கிறதே என்று எனக்கு ஆறுதல். மறுநாள் இறுதி முடிவு. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். கல் அப்படியே இருக்க, நான்தான் கரைந்துபோயிருந்தேன். விட்டுக்கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. எட்டாவது படிக்கும் மகள் ரம்யாவுக்குப் பள்ளியில் கணிதப் போட்டி. இங்கேயே பிறந்தவள்; நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் வரும். அவளுடைய ஒரு நாள் பேச்சை வழக்கமான முறையில் அளந்தால், தமிழ் இருப்பதே தெரியாது.

"எட்டரைக்குக் கிளம்பினா போதும்ல?" என்றேன்.

ஷூவை மாட்டியபடி, தலையைத் தூக்காமலே கேட்டாள்: "மம்மி, கேட்டு போட்டிருந்தா?"

எங்கள் வழியில் ரயில்வே கேட்டே கிடையாது. என் வாயிலிருந்து எப்போதோ கேட்டதை அவள் மறக்கவில்லை. எனக்கு வைராக்கியம் வந்தது. மழை நாட்களை நீக்க விடமாட்டேன். நீக்கினால் அந்த அறிக்கையில் என் பெயர் இருக்காது. அதை ஸ்ரீனிவாஸின் முகத்தைப் பார்த்தே இன்றைக்குச் சொல்லிவிடுவேன்.

ஆட்டோக்காரர் "பாஞ்ச் மினிட், மேடம்" என்றார். "ஹவ்" என்று இந்த ஊர்ப் பாணியில் ஆமாம் போட்டு ஏறிக்கொண்டோம், அரை மணி நேரம் முன்னதாகவே. தூத்துக்குடியில் மூடியிருக்கக்கூடிய ஒரு கேட்டுக்காக.